தர்மம் செய்யும் உரிமை



உச்சிப்படிப்பு முடிந்து அன்னதர்மம் தொடங்கும் வேளையில் பல தாங்கல்களில் ஒரு காட்சியைக் காணலாம். கால் வராத ஒருவரை, அல்லது கண் தெரியாத ஒருவரை, வீட்டார் அழைத்து வந்து ஓரமாக உட்கார வைக்கிறார்கள். அவருக்குத்தான் முதலில் இலை விழுகிறது. பரிமாறுகிறவர் குனிந்து, கூட ஒரு கரண்டி வைத்துவிட்டுப் போகிறார். அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இருபது வருடமாக அதே ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிடும் அந்த மனிதரிடம், "வாங்க அண்ணாச்சி, இந்த வாரம் தண்ணி நீங்க ஊத்துங்க" என்று எவரும் சொன்னதில்லை. அவர் தர்மம் பெறுகிறார். தர்மம் செய்ய அவருக்கும் உரிமை உண்டா என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை.

தர்மமே யுகத்தைக் கரையேற்றும் என்று நம்புகிற வழி இது. அப்படியிருக்க, ஒருவரை ஆயுள் முழுவதும் வாங்குகிறவராகவே வைத்திருப்பது அவரை அந்த வழிக்கு வெளியே நிறுத்துவதாகாதா? கொல்லம் 1008 மாசியில், நோயுற்றுக் கிடந்த முத்துக்குட்டியைத் தாயாரும் உறவினரும் தொட்டில் கட்டித்தான் திருச்செந்தூருக்குச் சுமந்து போனார்கள். கடலிலிருந்து வைகுண்டராய் எழுந்தவரை யாரும் சுமந்து வரவில்லை. முன்னால் அவர் நடந்தார், மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். ஆண்டுதோறும் திருஏடு வாசிப்பில் இதைக் கேட்டுக் கண்ணீர் விடுகிற அன்புக்கொடி மக்கள், தங்கள் வீட்டில் கட்டிலோடு கிடக்கும் பிள்ளையை அந்தக் கதையோடு சேர்த்துப் பார்ப்பது அபூர்வம்.

பிழைப்புக்காகத் தெற்கேயிருந்து வந்து தாம்பரம் தொடங்கி செங்கல்பட்டு வரை கடை வைத்திருக்கும் குடும்பங்களுக்குத் திருமணி என்ற ஊர்ப்பெயர் தெரிந்திருக்கும். செங்கல்பட்டு நகரத்தை ஒட்டியது. அங்கே 1924-இல் லேடி வில்லிங்டன் பெயரால் தொழுநோயாளர்களுக்கான விடுதி தொடங்கியது. 1955-இல் மத்திய அரசு அதை ஏற்று ஆராய்ச்சி நிலையமாக்கியது. 1940-களில் அங்கே பொறுப்பிலிருந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன், பால் பிராண்ட் என்ற இளம் அறுவை மருத்துவரை 1947-இல் அழைத்து வந்து நோயாளிகளைக் காட்டினார். விரல்கள் பருந்து நகம்போல் மடங்கிப்போன கைகள். எலும்பு மருத்துவர்களில் ஒருவரும் இந்தக் கைகளை ஆராய முன்வரவில்லையே என்பது காக்ரேனின் ஆதங்கம். பிராண்ட் அப்படிப்பட்ட ஒரு கைக்குள் தன் கையை வைத்து, பலங்கொண்ட மட்டும் இறுக்கச் சொன்னார். வலி பொறுக்க முடியாத அளவுக்குப் பிடி இறுகியது. செத்துப்போனதாக எல்லாரும் எண்ணியிருந்த கையின் தசையில் பலம் அப்படியே இருந்தது. விரலை நிமிர்த்தும் சில தசைகள் மட்டுமே செயலிழந்திருந்தன. வேலை செய்யும் தசை நாணை இடம் மாற்றிக் கட்டினால் விரல் நிமிரும். அடுத்த சில வருடங்களில் வேலூரில் அது நடந்தது.

இவர்கள் வேறு சமயத்தார். ஆனாலும் தர்மம் எந்தப் பந்தியில் நடந்தாலும் தர்மமே. அதற்குப் பின் நடந்ததுதான் இந்தக் கேள்விக்கு நெருக்கமானது. கை நிமிர்ந்து ஊர் திரும்பியவர்களில் சிலர் மறுபடி வந்து முறையிட்டார்கள்: இந்தக் கை பிச்சை எடுக்க உதவவில்லை! மடங்கிய கையைப் பார்த்துக் காசு போட்டவர்கள் நிமிர்ந்த கைக்குப் போடவில்லை. நோய்த்தழும்பு தெரிகிற முகத்துக்கு வேலையும் கிடைக்கவில்லை. மருத்துவம் முடிந்த இடத்தில் ஊரின் வேலை தொடங்கியிருக்க வேண்டும், தொடங்கவில்லை. கொடுக்கிறவரின் இரக்கம் வாங்குகிறவரின் ஊனத்தை நம்பியிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எனவே 1950-களின் தொடக்கத்தில் வேலூரில் அவர்களுக்கென்று சிறு குடிசைகளும் தச்சுப்பட்டறையும் எழுந்தன. மரப்பொம்மை செய்யப் பழகினார்கள். பழக்குவது அவ்வளவு எளிதாக இல்லை. உணர்ச்சியற்ற கை சுத்தியலைத் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்கும், கொப்புளம் வந்தாலும் தெரியாது. வலி என்ற காவல்காரன் இல்லாத உடம்பு அது. அதனால் உளி, சுத்தியல், இழைப்புளியின் பிடிகளையெல்லாம் கைக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு நாளும் கைகளைப் பார்த்து, எங்கே சிவந்திருக்கிறது, அது எந்தக் கருவியால் வந்தது என்று தேட வேண்டியிருந்தது. ஆளைக் கருவிக்கு வளைக்காமல் கருவியை ஆளுக்கு வளைத்தார்கள். தொழிற்பயிற்சி என்பதன் முழு சாரமும் இதில் இருக்கிறது. பனையேறிகள் வீட்டில் பிறந்தவர்களுக்கு இது புதிதல்ல. தளைநாரை அவரவர் காலுக்கு அளந்துதானே முறுக்குவார்கள்?

இதே முறை இப்போது கை கால் ஊனத்தோடு நிற்கவில்லை. மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் உடையவர்களுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. அங்கே வருகிறவர்களில் கண்ணும் காதும் சேர்ந்து இல்லாதவர்கள் உண்டு, மூளை வாதமும் அறிவு வளர்ச்சிக் குறைவும் சேர்ந்தவர்கள் உண்டு. இப்படிப்பட்டவருக்கு வேலை பழக்குவது எப்படி? வேலையைத் துண்டு துண்டாக உடைக்க வேண்டும். மளிகைக் கடையில் இருபது இருபதாகப் பாக்கெட் கட்டுவது ஒரு வேலை என்று வைத்துக்கொள்ளலாம். இருபது வரை எண்ணத் தெரியாது, சரி. இருபது குழி உள்ள ஒரு பலகை செய்து, குழிக்கு ஒன்றாக வைக்கச் சொன்னால் போதும். குழி நிரம்பினால் இருபது. எண் தெரிய வேண்டியது பலகைக்குத்தான். முதல் வாரம் பழக்குகிறவர் பக்கத்திலேயே நிற்பார், அடுத்த வாரம் நாலடி தள்ளி நிற்பார், பிறகு காலையில் வந்து பார்த்துவிட்டுப் போவார். பயிற்சி நிலையத்திலேயே வருடக்கணக்காக வைத்துப் பழக்குவதைவிட, வேலை நடக்கும் இடத்திலேயே இப்படிப் பழக்குவது பலருக்கு நன்றாகப் பிடிபடுகிறது.

வருடக்கணக்கான பயிற்சியைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். திருவிதாங்கூரில் ஊழியம் என்ற பெயரில் தாழ்த்தப்பட்ட மக்களிடம் கூலியில்லாமல் வேலை வாங்கினார்கள். ஏறும் ஏணிக்கும் தளைக்கும்கூட வரி போட்டார்கள். அதை எதிர்த்து நின்றவர் அய்யா. கூலியில்லா உழைப்பு எவ்வளவு கேவலம் என்பதை இந்த மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட வழியில் வந்தவர்கள், பத்து வருடமாக ஒருவர் மெழுகுவர்த்தி வார்த்தும் காகிதப்பை ஒட்டியும், மாதக் கடைசியில் "ஊக்கத்தொகை" என்று பஸ் செலவுக்குக் காணாத பணத்தைப் பெறுவதைக் கண்டால் என்ன சொல்வார்கள்? அந்தப் பை விற்கிறது, விலை வருகிறது. பயிற்சி என்று பெயர் வைத்துவிட்டால் ஊழியம் ஊழியமில்லாமல் போகுமா? சட்டமும் இதில் சுத்தமாக இருந்ததில்லை. குறைந்தபட்சக் கூலியிலிருந்து ஊனமுற்ற தொழிலாளரை விலக்கிவைக்க அரசுக்கு இடம் கொடுத்தது 1948-ஆம் வருடச் சட்டம். அமெரிக்காவிலும் 1938 முதல் இப்படி ஒரு விலக்கு இருக்கிறது. பாதி வேகத்தில் செய்கிறவருக்கு முழுக்கூலி எப்படி என்று முதலாளி கேட்பது நியாயம்போலத் தோன்றும். ஆனால் கருவியை மாற்றிப் பார்த்தாரா, அவர் வேகமாகச் செய்யக்கூடிய வேறு துண்டு வேலை கடையில் உண்டா என்று தேடினாரா என்பது அதற்கு முந்திய கேள்வி. அதைக் கேட்காமல் கூலியை மட்டும் வெட்டுகிறவர் தர்மம் செய்கிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

உழைத்தால்தான் மதிப்பு என்றால், எந்த வேலையும் செய்ய இயலாமல் கிடப்பவர் மதிப்பற்றவரா என்று ஒரு தாய் கேட்கலாம். கனமான கேள்வி. அப்படி ஒரு சொல் அய்யாவின் வழிக்குள் வரவே முடியாது. பள்ளியறைக் கண்ணாடி முன் நிற்கிறவர் தம்மையே காண்கிறார். கைகால் உள்ளவருக்கு ஒரு கண்ணாடி, இல்லாதவருக்கு வேறொன்று என்று அங்கே வைக்கவில்லை. இயலாதவரைத் தாங்குவது தர்மம்தான். இயலுமா என்று பார்க்காமலே இயலாதவர் என்று தீர்ப்பெழுதிவிடுவது கலியின் வேலை. பேச்சு வராதவருக்கும் பால் வேண்டுமா, காப்பி வேண்டுமா என்று கண்ணால் காட்டத் தெரியும். கேட்டால்தான் காட்டுவார். சிலருக்குப் பயிற்சி அந்த ஒரு கேள்வியோடு தொடங்கி, அதோடு நிற்கவும் செய்யலாம். அதுவும் பயிற்சிதான்.

பெரும்பாலான வீடுகளில் தடையாக நிற்பது கொடுமையல்ல, பாசம். முப்பது வயது மகனுக்கு அம்மா சட்டைப் பொத்தான் போடுகிறாள். அவன் போட்டால் கால் மணி நேரமாகும், அவளுக்கு அடுப்பில் உலை கொதிக்கிறது. வெளியே அனுப்பினால் கேலி செய்வார்கள் என்ற பயம், சம்பளம் வந்தால் மாத உதவித்தொகை நின்றுவிடுமோ என்ற பயம். எல்லாப் பயத்துக்கும் அடியில் "எங்களுக்குப் பிறகு யார்?" என்பது கிடக்கிறது. அந்தக் கடைசிப் பயத்துக்கு மருந்து அந்தக் கால் மணி நேரத்தில்தான் இருக்கிறது என்று அவளிடம் பக்குவமாகச் சொல்ல ஆள் வேண்டும்.

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஊனமுற்றோர் 2.68 கோடிப் பேர். ஏதேனும் வேலையில் இருந்தவர்கள் நூற்றுக்கு 36 பேர்தான். 2016-ஆம் வருடச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, தொழுநோயிலிருந்து குணமானவரையும் சேர்த்து, அரசு வேலையில் நூற்றுக்கு 4 இடம் ஒதுக்கியது. நல்லதே. ஆனால் அரசு வேலை எத்தனை பேருக்குக் கிடைக்கும்? கூடுவாஞ்சேரிக் கடையும், மாமல்லபுரத்துச் சிற்பக்கூடமும், கோவளத்து விடுதிச் சமையலறையும் கதவைத் திறக்காமல் இது நடக்காது. அந்தக் கடைகளில் அன்புக்கொடி மக்களுடையவையும் உண்டு.

கொடுக்கும் இடத்துக்கு வந்துவிட்டவர்களும் உண்டு. வேலூரில் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966-இல் அங்கே எழுந்த மறுவாழ்வு மையத்துக்குத் தலைமையும் ஏற்றார். தெற்கே ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன், 1975-இல் கழுத்துக்குக் கீழ் அசைவிழந்தவர், 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பனையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்கள் பல ஊர்களில் கட்டிலோடு கிடந்த காலம் அது.

எல்லாருக்கும் இவ்வளவு பெரிய காரியம் வேண்டாம். தாங்கலில் திருநாமம் கொடுக்கும் தட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரிடம் கொடுப்பது என்பதில் தொடங்கலாம். அதற்கு முன், அவர் தட்டு இருக்கும் இடத்துக்கு வந்து சேர வேண்டுமே! பல தாங்கல்களின் வாசலில் இரண்டு படி இருக்கிறது, சுமார் ஓர் அடி உயரம். சக்கர நாற்காலி தானாக ஏற, ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம் வேண்டும். ஒரு பக்கம் கைப்பிடி. சிமெண்டும் கல்லும் ஒரு கொத்தனாரின் இரண்டு நாள் வேலையும் ஆகும். அந்தக் கொத்தனாருக்குக் கூலியை முழுதாகக் கொடுத்துவிட வேண்டும்.