மழைநீர்க் கட்டணமும் ஆலயத்தின் கடனும்

ஆலயக் கூரையிலிருந்து வழியும் மழைநீருக்கு ஆலயம் பொறுப்பா என்ற கேள்வியை, அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 2012-இல் வந்த ஒரு சட்டம் சபைகளின் முன் வைத்தது. மேரிலாந்தின் ஆறுகள் சென்று சேரும் செசபீக் விரிகுடாவில் நைட்ரஜனும் பாஸ்பரசும் வண்டலும் சேர்ந்து, பாசி பெருகி, ஆக்சிஜன் குறைந்து, மீனும் நண்டும் வாழ முடியாத பகுதிகள் கோடைதோறும் உருவாகின்றன. இந்தக் கழிவுகளுக்கு மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2010 டிசம்பரில் உச்சவரம்பு விதித்தது. வரம்புக்குள் வருவதற்கான செலவை ஈடுகட்ட, கவுன்டி எனப்படும் ஒன்பது மாவட்டங்களும் பால்டிமோர் நகரும் மழைநீர்க் கட்டணம் வசூலிக்க வேண்டும் என்றது மாநிலச் சட்டம். எதிர்த்தவர்கள் அதற்கு ‘மழை வரி’ என்று பெயர் வைத்தார்கள். 2015-இல் கட்டாயம் நீக்கப்பட்டு, முடிவு உள்ளாட்சிகளிடமே விடப்பட்டது. கட்டணம் பெரும்பாலும் நீர் ஊறாத தரையின் பரப்பைக் கொண்டு கணக்கிடப்பட்டதால், சொத்து வரி கட்டிப் பழக்கமில்லாத ஆலயங்களுக்கும் பில் வந்தது.

புறநகர் ஆலயம் ஒன்றின் வாகன நிறுத்துமிடம் ஞாயிற்றுக்கிழமை சில மணி நேரம் நிறைந்திருக்கும். மற்ற நாட்களில் ஏறக்குறைய காலி. ஆனால் தார்த்தளம் ஏழு நாளும் தார்த்தளம்தான். ஒரு ஏக்கர் தளத்தில் ஓர் அங்குல மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் நீர் திரளும். அதே இடம் காடாக இருந்தபோது அதில் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்கியிருக்கும். மழையின் முதல் பொழிவே கசிந்த எஞ்சின் எண்ணெயையும், பிரேக் தேய்ந்து உதிர்ந்த செம்புத் தூளையும், டயர்த் துகளையும், பறவை எச்சத்தையும் கழுவி இழுத்துக்கொண்டு வடிகாலில் இறங்குகிறது. வீட்டுக் கழிவுநீரைப் போல அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. நேராக ஓடைக்கும், அங்கிருந்து அனகோஸ்டியா, பட்டக்சென்ட் போன்ற ஆறுகளுக்கும் போகிறது.

ஆலயங்கள் வரிவிலக்கு பெற்றவை. கேட்பது வரி என்றால் அவை கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அவை குடிநீருக்கும் கழிவுநீருக்கும் கட்டணம் செலுத்துகின்றன, ஏனென்றால் அவை பெறும் சேவைக்கான விலை அது. மழைநீர்க் கட்டணம் இவற்றில் எந்தப் பக்கம்? அமெரிக்க மத்திய அரசின் சில துறைகளே இதை வரி என்று சொல்லி, தங்கள் கட்டடங்களுக்குக் கட்ட மறுத்திருந்தன. தூய நீர்ச் சட்டத்தில் 2011 ஜனவரியில் செய்த திருத்தம், நியாயமான மழைநீர்க் கட்டணத்தை மத்திய அரசும் செலுத்த வேண்டும் என்று அந்த வாதத்தை முடித்துவைத்தது. சட்டம் இப்படி ஒரு விடை சொல்லிவிடலாம். ஆனால் ஒரு சபை தன் மனச்சாட்சிக்குச் சொல்ல வேண்டிய விடை அதில் இல்லை.

சமய நோக்கில் எழும் முதல் மறுப்பு வலுவானது. மழை இறைவனின் கொடை. நல்லவர், தீயவர் என்று பாராமல் பெய்வதாக மத்தேயு நற்செய்தி சொல்லும் கொடை. கொடைக்கு விலை வைக்க அரசு யார்? இதற்கான விடையை உரோமர்களின் சட்டம் மிகப் பழைய காலத்திலேயே கண்டுவிட்டது. மழைநீரால் அண்டை நிலத்துக்கு வரும் கேட்டைத் தடுக்கும் வழக்குரிமை பன்னிரண்டு பலகைச் சட்டத்திலேயே இருந்தது. கி.பி. 533-இல் வெளியான பேரரசர் ஜஸ்டினியனின் சட்டத் தொகுப்பு அதற்கென ஒரு தலைப்பையே ஒதுக்குகிறது. மேட்டு நிலத்திலிருந்து இயல்பாக இறங்கும் நீரைப் பள்ளத்து நிலம் ஏற்க வேண்டும். மனிதன் கைவேலையால் அதன் போக்கு மாறிக் கேடு வருமானால், அந்த வேலை நடந்த நிலத்தின் உரிமையாளர் பதில் சொல்ல வேண்டும். பெய்தது கொடைதான். ஆனால் கூரையும் தார்த்தளமும் கைவேலை, கட்டணம் அவற்றுக்கே. இந்த வேறுபாட்டை ஏற்றபின் கொடையைப் பற்றிய மறுப்பு நிற்பதில்லை.

இரண்டாவது மறுப்பு அளவைப் பற்றியது. செசபீக் வடிநிலத்தில் ஆறு மாநிலங்களின் பகுதிகள் அடங்குகின்றன. அதில் ஓர் ஆலயத்தின் முற்றம் கணக்கிலேயே வராது. அது இல்லாவிட்டாலும் விரிகுடாவில் எந்த மாற்றமும் தெரியாது. தத்துவ அறிஞர் டெரெக் பார்ஃபிட் 1984-இல் வெளியிட்ட ‘ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்’ நூலில் இத்தகைய கணக்கின் பிழையை ஆராய்ந்தார். பாலைவனத்தில் தாகத்தால் தவிக்கும் பெருங்கூட்டத்துக்காக, அதே எண்ணிக்கையிலான மக்கள் ஆளுக்குக் கொஞ்சம் தண்ணீரை ஒரு வண்டியில் ஊற்றுகிறார்கள். ஒருவர் ஊற்றியதால் எவருடைய தாகமும் உணரும்படி தணிவதில்லை; எல்லோரும் ஊற்றியதால் எல்லோர் தாகமும் தணிகிறது. தனித்தனியே உணரமுடியாத செயல்கள் சேர்ந்து பெரும் விளைவைத் தருமானால், ஒவ்வொரு செயலுக்கும் அறப்பொறுப்பு உண்டு என்பது அவர் வாதம். நன்மைக்குப் பொருந்துவது கேட்டுக்கும் பொருந்தும். தனித்த குற்றவாளி என்று ஒருவரைக் காட்ட முடியாத கேட்டை உள்ளாட்சித் திட்டம்தான் ஒவ்வொருவர் பங்காகப் பிரித்துக் காட்டுகிறது. கட்டணப் பில்லின் அற மதிப்பு இங்கேதான் இருக்கிறது.

இந்த இரண்டு விடைகளையும் ஒப்புக்கொண்ட சபைக்கு இன்னொரு கேள்வி மிஞ்சுகிறது: ஆலய வளாகத்தில், மழைநீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கும் மழைத்தோட்டம் அமைப்பது தானமா, கடனா? சபைகள் இதைப் பெரும்பாலும் உக்கிராணத்துவம் என்ற தலைப்பில் பேசுகின்றன; படைப்பைப் பேணும்படி அது மனிதனிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்பது அதன் அடிப்படை. அந்தச் சொல்லாட்சி அழகானது. ஆனால் தானத்தின் பெருமை அதில் எளிதாக ஒட்டிக்கொள்ளும். இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் நீதியையும் ஈகையையும் தனித்தனி அறங்களாக வைத்தார். பிறர்க்கு உரியதை அவர்க்குக் கொடுப்பது நீதி. கீழே இருக்கும் ஓடைக்கரைக் குடியிருப்பின் நிலத்தில் தன் அழுக்கைத் தள்ளாமல் இருப்பது அந்த வகையில் சேரும். காணிக்கைப் பெட்டியில் போடும் பணத்தோடு அதைச் சேர்த்து எண்ணுவது தவறு.

வாஷிங்டனை ஒட்டிய பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுன்டியில் இந்தக் கடனைத் தீர்க்கும் கருவி முன்பே இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் சாமர்செட் என்ற குடியிருப்பில், பெரிய மழைநீர்க் குளங்களுக்குப் பதிலாக வீட்டுக்கு வீடு சிறு மழைத்தோட்டங்கள் அமைத்தார்கள். இன்று உலகெங்கும் பரவியிருக்கும் முறையின் முன்னோடி அது. வாகன நிறுத்துமிடத்தின் ஓரக் கல்லில் ஒரு வெட்டு விடுகிறார்கள். தளத்தில் ஓடிவரும் நீர் அதன் வழியாக ஆழமில்லாத ஒரு பள்ளத்தில் இறங்கி, அரை அடி உயரத்துக்குத் தேங்கி நிற்கும். மேலே இருக்கும் மரப்பட்டைத் தூள் உலோகத் துகள்களையும் எண்ணெயையும் பிடித்துக்கொள்ளும்; அடியில் உள்ள மணல் கலந்த மண் நீரை மெல்ல இறக்கும்; வேர்களும் நுண்ணுயிர்களும் சத்துகளை எடுத்துக்கொள்ளும். கொசு முட்டையிட்டுப் பெருகுமுன், ஓரிரு நாளில் பள்ளம் வறண்டுவிட வேண்டும்.

2014 அளவில் இந்தக் கவுன்டி ஆலயங்களோடும் பிற லாபநோக்கற்ற அமைப்புகளோடும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தது. மழைத்தோட்டம், நீர் ஊறும் தளம் போன்றவற்றுக்கு இடம் கொடுத்து, சபையாருக்கு விழிப்புணர்வும் ஊட்டும் அமைப்புக்குக் கட்டணம் குறையும். சில போதகர்கள் சுற்றுச்சூழல் பற்றிப் பிரசங்கிக்கவும் இசைந்தார்கள். இந்த ஏற்பாட்டின் முதல் பாதி சரி. நீரை நிலத்திலேயே நிறுத்தியவருக்குக் கடன் குறைவதுதான் முறை. பிரசங்கம் அப்படியல்ல. பிரசங்கம் ஒரு லிட்டர் நீரையும் நிறுத்துவதில்லை. நம்பிக்கையால் பேச வேண்டியதைக் கட்டணச் சலுகைக்காகப் பேசியதாகத் தோன்றினால் பீடத்துக்கும் இழுக்கு, அரசுக்கும் இழுக்கு. போதகர் அதைப் பேசுவது நல்லது, பில்லோடு முடிச்சுப் போடாமல்.

மழைத்தோட்டம் வெட்டியதோடு வேலை முடிவதில்லை. வண்டல் படிந்து மண் அடைபடும், களை மண்டும், வெட்டுவாயில் சருகு குவியும். சபை சிறுத்துப்போனாலோ கட்டடத்தை விற்றாலோ இதையெல்லாம் யார் பார்ப்பது? பல உள்ளாட்சிகள் பராமரிப்பு உடன்படிக்கையை நில ஆவணத்தோடு பதிவு செய்கின்றன; பின்னால் வாங்குபவரையும் அது கட்டுப்படுத்துகிறது. அப்போது கடமை சபையோடு வெளியேறாமல், நீர் வழியும் அந்த நிலத்தோடு இருந்துவிடுகிறது.