மக்கட்குச் சமயக் கல்வியும் பெற்றோர் உரிமையும்



சென்ற பிரதோட நாளிற் கொடைரோட்டிலே நிகழ்ந்த திருமுறை ஓதலின் முடிவில் அன்பர் ஒருவர் எழுந்து, "ஐயா, என் மகன் அரசினர் பள்ளியிற் படிக்கின்றான். கணக்கு வருகின்றது, அறிவியல் வருகின்றது. சிவபெருமான் யார் என்று கேட்டால் விழிக்கின்றான். பள்ளியிலே சைவம் கற்பிக்கச் சொல்லிக் கேட்க எங்களுக்கு உரிமை இல்லையா?" என்று வினவினர். அன்று சுருங்கக் கூறிய விடையை ஈண்டுச் சிறிது விரித்துரைப்பாம்.

முதற்கண் சட்டம் கூறுவதைக் காண்பாம். 1950-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நம் நாட்டு அரசியலமைப்பின் 28-ஆம் உறுப்பு, முழுதும் அரசின் பொருளால் நடைபெறும் கல்வி நிலையங்களிற் சமயப் போதனை கூடாதென விலக்குகின்றது. சமயப் போதனை வேண்டுமென விதித்த அறக்கட்டளையால் நிறுவப்பெற்று அரசின் நிருவாகத்தில் உள்ளவற்றிற்கு மட்டும் இவ்விலக்கு இல்லை. அரசின் ஏற்பிசைவோ உதவிப்பொருளோ பெற்ற பள்ளியிற் சமயப் போதனையோ வழிபாடோ நிகழுமாயின், இசைவின்றி எவரையும் அதிற் கலந்துகொள்ளச் செய்தலாகாது. சிறாராயின் அவர்தம் காப்பாளர் இசைதல் வேண்டும். சமயங்களைப் பற்றி அறிவித்தல் வேறு, ஒரு சமயத்தைப் போதித்தல் வேறு என்பதனை உச்சநீதிமன்றம் 2002-ஆம் ஆண்டில் தெளிவாக்கியுள்ளது. ஆகவே, பெற்றோர்க்குச் சட்டம் அளித்தது வேண்டாதது புகாமற் காக்கும் உரிமையே; பள்ளியைக் கொண்டு தம் சமயத்தைப் போதிப்பிக்கும் உரிமை அன்று.

இவ்விலக்கின் நேர்மையை யான் நூலிலிருந்து கற்றிலேன். முப்பது ஆண்டுகட்கு முன்னர் அரசினர் பள்ளி ஒன்றிற் றமிழாசிரியனாய் இருந்த காலத்து, நாடோறும் வகுப்புத் தொடங்குமுன் மாணாக்கர் அனைவரையும் எழுப்பித் தேவாரம் ஓதுவித்து வந்தேன். அதனை நற்பணி என்றே கருதினேன். ஒருநாள் இசுலாமியப் பெரியவர் ஒருவர் வந்து, அப்பாட்டு வேளையில் மட்டும் தம் மகனை விட்டுவிட வேண்டும் என்று பணிவுடன் கேட்டனர். யான் சினந்து, "தேவாரம் தமிழன்றோ! தமிழ் படிக்க வந்த பிள்ளை ஓதினால் என்ன குறை?" என்றேன். அவர் சற்றுப் பொறுத்து, "பள்ளியிலே தங்களுக்குப் பயந்து ஓதுகின்றான், வீட்டிலே எனக்குப் பயந்து அதை மறைக்கின்றான். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இரண்டு பயம் தாங்குமா, ஐயா?" என்றனர்.

யான் வாயடைத்து நின்றேன். அச்சத்தால் எழுந்த ஓசை ஆண்டவன் திருவடியை எங்ஙனம் சாரும்? மறுநாளே அவ்வழக்கத்தை நிறுத்தினேன். அம்மாலை வீடு சேர்ந்து என் மகனை அழைத்து, "பதிகம் ஒன்று ஓதுக" என்றேன். முதலடியும் அவனுக்கு வந்திலது. ஊரார் பிள்ளைகளை ஓதுவித்த யான் என் பிள்ளையை ஓதுவித்திலேன். அன்றுற்ற நாணம் இன்றும் ஆறிற்றில்லை.

இதனை யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) செயலோடு ஒப்பிட்டுக் காண்க. அவர் பாதிரிமார் பள்ளியிற் பயின்று, ஆங்கே ஆசிரியராயும் அமர்ந்து, பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கிய பணிக்கும் துணைநின்றவர். ஆங்கிலக் கல்வியை நாடிய சைவப் பெற்றோர் பலர் தம் மக்களைப் பாதிரிமார் பள்ளிகட்கே விடுத்தனர்; கிறித்துவ போதனையும் உடன் நிகழ்ந்தது. நாவலர் கண்டித்துரைத்த அளவில் அமைந்தாரல்லர். 1848-ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினர். சிறார்க்கெனப் பாலபாடங்கள் எழுதி அச்சிட்டனர். 1864-இற் சிதம்பரத்தும் பள்ளி கண்டனர். நம் மலைமேற் கொடைக்கானலில், 1901-ஆம் ஆண்டில், அமெரிக்கப் பாதிரிமாரும் தம் மக்கட்கெனப் பள்ளி ஒன்று நிறுவினர். இன்று பன்னாட்டுப் பள்ளியாய் விளங்குவது அதுவே. தம் பிள்ளையைத் தம் கண்காணத் தம் முறையில் வளர்க்கும் வேட்கை நாவலர்க்கும் உண்டு, பாதிரியார்க்கும் உண்டு, என்னிடம் வந்த அவ்விசுலாமியத் தந்தைக்கும் உண்டு. நமக்கு வேண்டுவதைப் பிறர்க்கும் நல்குதலே நீதியாம்.

இனி, இவ்வுரிமை எத்தன்மைத்து? பதி பசு பாசம் மூன்றும் அநாதி என்பது நம் சித்தாந்தம். ஆகலின், உயிர் பெற்றோராற் படைக்கப்பட்டதன்று. அவர் வாயிலாக வந்தது உடம்பே. உயிரோ, தன் வினைக்கீடாய்ப் பிறந்து நம் இல்லத்திற் சின்னாள் தங்க வந்தது. அதனை உடையான் இறைவன் ஒருவனே. ஆகவே, பெற்றோர் உரிமை உடைமையாளன் உரிமை அன்று. அடைக்கலப் பொருளைக் காப்பவன் உரிமை. காப்பவனுக்கு உரிமையினும் கடமையே பெரிது.

சீகாழியில் நிகழ்ந்ததனை நினைமின். மூன்று வயதுக் குழந்தை அழுது பின்தொடர, சிவபாத இருதயர் உடனழைத்துச் சென்று குளக்கரையில் இருத்தினர். ஞானப்பால் அளித்தவர் உமையம்மையார். தந்தையாரோ, பால் தந்தவர் யார் என்று கோல் ஓச்சி வெகுண்டனர். குழந்தை விண்ணைச் சுட்டிக் காட்டியது. பால் கொடுத்தல் தந்தையால் ஆகாது. கோல் ஓச்சுதலாற் பயனும் இல்லை. ஆயினும், குளக்கரை வரை அழைத்துச் சென்றவர் அத்தந்தையே அன்றோ? நம்மால் ஆவது அவ்வளவே. அதனையும் நாம் செய்கின்றிலேம்.

"பிள்ளை வளர்ந்து தானே தேர்ந்துகொள்ளட்டும், இப்பொழுது யாதும் கற்பித்தல் வேண்டா" என்பார் உளரால் எனின், அற்றன்று. வளர்ந்தபின் தேர்ந்துகொள்ளட்டும் என்று தாய்மொழியை எவரும் கற்பியாது விடுவாரில்லை. ஒன்றும் அறியாதான் எதனைத் தேர்வான்? கற்பித்தபின் அவன் வேறு நெறி புகின் என்செய்வது எனின், திலகவதியார் காட்டிய வழி உண்டு. தம்பியார் புறச்சமயம் புகுந்தபோது அவ்வம்மையார் அவரைக் கடிந்து இழுத்து வந்தாரல்லர். திருவதிகைத் திருக்கோயிலில் அலகிட்டு மெழுகித் தொண்டு செய்து, வீரட்டானத்து இறைவனிடமே முறையிட்டு நின்றனர். மீட்டது இறைவன் அருள்.

ஆதலின், வினவிய அன்பர்க்கும் ஏனையோர்க்கும் யான் கூறுவது இது. பள்ளியை நோவற்க. மாலையில் விளக்கேற்றியபின் அரைமணிப் பொழுது பிள்ளையுடன் அமர்மின். நாளொன்றுக்குத் திருமுறைப் பாட்டு ஓரடி போதும். பொருளையும் உடன் சொல்லுமின். அவன் வினவுவதற்கு விடை தெரியாதாயின் தெரியாதென்று கூறி, இருவீரும் சேர்ந்து கற்மின். கோயிலுக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்லுமின். இவற்றை விலக்கும் சட்டம் எந்நாட்டும் இல்லாத நல்ல காலத்தே நாம் வாழாவிடினும், நம் நாட்டில் இல்லை. தடையாய் நிற்பது நம் சோம்பலே.

என் மகன் பின்னர்க் கற்றுக்கொண்டான். ஆயினும் அவன் இளமையிற் கழிந்த நாட்களை யான் மீட்கவல்லேன் அல்லேன். நும் பிள்ளை இன்னும் சிறுவனாய் இருப்பின், இன்றே தொடங்குமின்.

திருச்சிற்றம்பலம்.