ஊருக்குப் போடா

1992ஆம் ஆண்டு நோன்பு காலத்தில் பாகிஸ்தான் கிரிக்கட் உலகக் கிண்ணத்தை வென்றபோது எத்தாளையில் நாங்கள் துள்ளிக் குதித்தோம். "நீங்கள் எந்த நாட்டுக்காரர்?" என்று கேட்டார்கள். 1996இல் லாகூரில் இலங்கை வென்றபோதும் துள்ளினோம். லாகூர் ரசிகர்களும் இலங்கைக்கே கைதட்டினார்கள். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அந்தக் கேள்வி இன்றும் வலிக்கிறது.

ஆனால் வேறொரு கணக்கும் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து விரட்டிய முஸ்லிம்கள் கற்பிட்டிக் குடாநாட்டிலும் தஞ்சம் புகுந்தார்கள். நாம் சோறு கொடுத்தோம், இடம் கொடுத்தோம். சில ஆண்டுகளின் பின், ஓர் அஸருக்குப் பிறகு உதைபந்தாட்டப் போட்டி. முகாம் பொடியன் ஒருவன் எங்களுக்குக் கோல் அடித்தான். "அகதி, ஊருக்குப் போடா!" என்று கத்தியவர்களில் நானும் ஒருவன். போவதற்கு அவனுக்கு ஊர் எங்கே இருந்தது?

எங்கும் இதே கதைதான். கிளாஸ்கோவில் ஏழை ஐரிஷ் குடியேறிகளின் பசி தீர்க்க நிதி திரட்டவென 1887இல் தொடங்கியது செல்டிக் கழகம். அதன் ரசிகர்களை நோக்கி, ஊருக்குப் போகச் சொல்லும் பாட்டை ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் சிலர் பாடினார்கள். அது இனவாதமே என்று 2009இல் ஸ்கொட்லாந்து நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அநியாயத்தில் தன் கூட்டத்துக்குத் துணைபோவதே அஸபிய்யா என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். அணியை நேசித்ததற்காக அல்லாஹ் என்னைக் கேட்கமாட்டான். அந்த மாலையைப் பற்றிக் கேட்பான்.

அவன் இன்று எங்கள் பள்ளிவாசலில் என் ஸஃப்பிலேயே நிற்கிறான். ஸலாம் சொல்கிறோம். மன்னிப்பை நான் இன்னும் கேட்கவில்லை.