ஊசிப்பூ

முதல் வாரம் ஆறு வேளை. அடுத்த வாரம் ஐந்து. பிறகு நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. கண்புரை அறுவை முடிந்து அவளை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றே சொட்டு மருந்துச் சீட்டை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டேன். ஒரு வேளை முடிந்தால் பென்சிலில் ஒரு கோடு. நடுவில் நிறுத்தக் கூடாது, சட்டென்று குறைக்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

எழுத்து இன்னும் அவளுக்குக் கலங்கித்தான் தெரிகிறது. அதனால் சாயங்காலங்களில் நான் வாசிக்கிறேன், அவள் கேட்கிறாள். தாஷா சூரியின் ‘தி ஜாஸ்மின் த்ரோன்’. ஆசிரியர் இங்கிலாந்தில் வாழும் பஞ்சாபி வம்சாவளிப் பெண். 2021 ஜூனில் வந்த நாவல் இது, மறு வருஷம் உலக மிகுபுனைவு விருது பெற்றது. சிறைப்பட்ட இளவரசி மாலினிக்கும் பணிப்பெண் பிரியாவுக்கும் நடுவே முளைக்கும் காதல்தான் கதை.

எங்கள் தெருவிலேயே மூன்று பிரியா இருக்கிறார்கள். மாய உலகம் என்றாலே நாக்கில் புரளாத பெயர்கள் என்று பழகியிருந்த எனக்கு, மந்திர நீரில் மூழ்கி எழுந்தவள் பெயர் பிரியா என்பதை ஏற்கவே இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் அது பிடித்துப்போய்விட்டது.

*

தீயைப் பற்றிய பகுதி. நாவலில் வரும் பேரரசுக்கு ஒரு பழங்கதை இருக்கிறது. ஆதியில் சில பெண்கள் தாங்களே நெருப்பில் இறங்கி, அந்தப் பலத்தால் யட்சர்களை வென்றார்கள். அன்றிலிருந்து அவர்கள் அன்னைகள், தெய்வங்கள். பேரரசன் சந்திரா தன் தங்கை மாலினியையும் அப்படித் தெய்வமாக்கப் பார்க்கிறான். அவளுடைய தோழிகள் இருவர் எரிந்துபோகிறார்கள். மாலினி மட்டும் மாட்டேன் என்கிறாள். அதற்குத் தண்டனையாகத்தான் பாறை உச்சியில் இடிந்து கிடக்கும் கோயிலில் சிறை. அங்கேயும் ஒரு காலத்தில் குழந்தைகளை எரித்திருக்கிறார்கள். தப்பியவர்களில் ஒருத்தி பிரியா.

கேட்டுக்கொண்டிருந்தவளின் ஊர் ஏரிக்கரையில் தீப்பாஞ்ச அம்மன் உண்டு. ஆடியில் பொங்கல், மஞ்சள் துணி, வளையல். சின்ன வயதில் அவளும் வளையல் சாத்தியிருக்கிறாள். அந்த அத்தியாயம் முடிந்ததும் வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “எங்க ஊர் அம்மன் அன்னிக்கு மாட்டேன்னு சொல்லியிருந்தா, அவளை யாருடி கும்பிட்டிருப்பா?” என்றாள்.

இந்த நாவலின் பெரிய பலம் இதுதான் என்று நினைக்கிறேன். காதலுக்கு முன்னால் அது ஒரு மறுப்பை வைக்கிறது. மாலினிக்குத் தன் உடம்பு தனக்கு என்பது முதலில் தெரிகிறது. அந்த உடம்பு யாரை விரும்பும் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது.

*

நாவலில் என்னை உலுக்கிய இடம் முத்தமும் இல்லை, போரும் இல்லை. ஒரு கோப்பை.

சிறையில் மாலினியைக் காவல் காப்பவள் பிரமிளா, எரிந்துபோன தோழி ஒருத்தியின் தாய். தினமும் மதுவில் ஊசிப்பூச் சாற்றைக் கலந்து மாலினிக்குக் கொடுக்கிறாள். கொஞ்சம் கொஞ்சமாகப் புத்தியைக் கலக்கி உயிரைக் குடிக்கும் நஞ்சு அது. பிரியாவுக்கு அது தெரியவருகிறது. ஆனால் உடனே நிறுத்தவும் முடியாது. நஞ்சுக்குப் பழகிப்போன உடம்பு, அது நின்றாலும் செத்துவிடும். ஆகவே நஞ்சையே அளந்து கொடுக்க வேண்டும். நாளுக்கு நாள் குறைத்து, இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துப் பார்த்து.

வாசித்துக்கொண்டே போனவள் அங்கே நிறுத்திவிட்டேன். ஃப்ரிட்ஜ் கதவு எதிரில் இருந்தது. அவளும் அந்தப் பக்கம்தான் திரும்பியிருந்தாள். அது மூன்று வேளை வாரம்.

இந்தப் பகுதியில் சூரி எதையும் விளக்குவதில்லை. பிரியாவுக்கு அந்தக் கோயில் வேண்டும், மாலினிக்குத் தப்பிக்க ஒரு கை வேண்டும். ஒருத்தியை ஒருத்தி பயன்படுத்திக்கொள்கிறார்கள், அது இருவருக்கும் தெரியும். மாலினி தன் பலவீனத்தைக்கூடத் தூண்டிலாகப் போடுகிறாள். அப்படியும் அந்தக் கோப்பையைப் பிடித்திருக்கும் கை பொய் சொல்வதில்லை. நம்பிக்கை இல்லாத இடத்தில் பராமரிப்பு மட்டும் இருக்கிறது. அதிலிருந்து மற்றது வருகிறது. எனக்குத் தெரிந்த காதலும் ஏறக்குறைய இந்த வழியில்தான் வந்தது. 1986-இல், பள்ளி ஆசிரியைகள் விடுதியில், எனக்கு டைபாய்டு வந்த மாதம்.

*

குறைகளையும் சொல்ல வேண்டும். அவற்றை எனக்குக் காட்டியது அவளுடைய காதுதான். உரக்க வாசித்தால் ஒரு புத்தகம் எதையும் மறைக்க முடியாது.

கதை பல பேர் கண் வழியாக நகர்கிறது. ஆளுநரின் மனைவி பூமிகா வரும் அத்தியாயங்கள் அருமை. நிறைமாத வயிற்றோடு, கணவனுக்குத் தெரியாமல் ஒரு ஊரையே தாங்குகிறாள். மற்றவர்கள் வரும்போது, முக்கியமாக இளவரசன் ராவின் பக்கங்களில், கேட்டுக்கொண்டிருந்தவள் உச்சுக்கொட்டினாள். “அந்த ரெண்டு பேர்கிட்ட எப்ப வருவே?”

இன்னொன்று, மனதுக்குள் பேசுவது அதிகம். நீ என்னை ஏமாற்றினாலும் உன்னை விரும்புகிறேன் என்பதை ஒரு பார்வையில் காட்டிவிட்டு, பிறகு அதையே இரண்டு மூன்று தடவை வார்த்தையில் சொல்கிறார் சூரி. அவள் கணக்கு டீச்சர். “விடை வந்தாச்சு, இன்னும் எதுக்கு ஸ்டெப் போடறா?” என்றாள்.

எனக்குப் பட்ட குறை வேறு. இந்த இருவரும் சேர்ந்து ஒரு சாதாரண நாளைக் கழித்துப் பார்க்கவே முடியவில்லை. நஞ்சு, தப்பித்தல், காட்டில் அருவிக்கடியில் ஒரு முத்தம், உடனே அரியணை அழைக்கிறது. துணி துவைத்து, அரிசி களைந்து, ஒருத்திமேல் ஒருத்தி சலித்துக்கொள்ளும் ஒரு செவ்வாய்க்கிழமையை அந்தக் காதலுக்கு யாரும் கொடுக்கவில்லை. 2022-இல் வந்த இரண்டாம் பாகத்திலும் நெடுநேரம் பிரிந்தே இருக்கிறார்கள்.

*

ஒரு மாலை ஆற்காடு சாலை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். வாஹினி ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்றைக்கு ஆஸ்பத்திரியும் மாலும். ‘மாயா பஜார்’ எடுத்த இடம் அது, 1957. கடோத்கஜன் பெண் வேடம் பூண்டு வருவான். சாவித்திரி அந்த ராட்சச நடையை ஒரு மணப்பெண் உடம்புக்குள் வைத்து நடப்பார். தோளைக் குலுக்கி, காலை அகட்டி. அதைப் பார்த்த சிறுமி வயதில்தான் தனக்கு ஏதோ புரிய ஆரம்பித்தது என்று அவள் ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

ராஜஸ்தானி எழுத்தாளர் விஜய்தான் தேத்தா சொன்ன கதை ஒன்றையும் இங்கே சேர்த்து யோசிக்கிறேன். பீஜா, தீஜா என்று இரண்டு பெண்கள். பெற்றோர் செய்த ஏற்பாட்டில் ஒருத்தி ஆண் வேடமிட்டு மற்றவளை மணக்கிறாள். உண்மை தெரிந்த பிறகும் பிரிய மனமில்லை. ஊர் துரத்துகிறது, பேய்களின் தலைவன் அடைக்கலம் தருகிறான். ஒரு கட்டத்தில் பீஜா வரத்தால் ஆணாகிறாள். ஆனதும் அதிகாரம் செய்கிறாள், கை ஓங்குகிறாள். கடைசியில் பெண்ணாகவே திரும்பி வருகிறாள்.

சில பக்கங்களில் தேத்தா ஒரு வீட்டைக் கட்டிக் காட்டிவிட்டார். சூரியின் தடித்த நாவலில் இல்லாதது அந்த வீடு. ஆனால் சூரியிடம் இருப்பது தேத்தாவிடம் இல்லை: இங்கே மாயம் அந்த இரு பெண்களையும் சேர்த்துவைக்க வரவில்லை. சேர்வதற்கு அவர்களுக்கு வரம் தேவைப்படவில்லை.

*

நாவல் வெளிவந்த அதே 2021 ஜூனில், மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்கள் வழக்கில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே புரிதல் போதாது என்று சொல்லி, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு பிறகு எழுதினார். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் மறு வருஷம் அரசிதழில் சொற்பட்டியல் வந்தது, பால்புதுமையர் என்ற சொல்லோடு.

அன்றைய செய்தித்தாளை அவள் கத்தரித்து வைத்திருக்கிறாள், பழைய கேஸ் ரசீதுகளோடு.

இந்த வீட்டுக்குக் குடி வந்தபோது ஓனரம்மா, “அக்கா தங்கச்சிங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றோம். சித்தி பெண் என்று நான் சேர்த்துக்கொண்டேன். அந்த ஒரு சொல்லைத் திரும்ப எடுக்க இன்றுவரை முடியவில்லை. ஓனரம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மகனும் எங்களை அப்படித்தான் அறிமுகம் செய்கிறான்.

*

ஒரு வேளை வாரம். புதுக் கண்ணாடி வந்துவிட்டது. கோயில் வாசலில் இரண்டு முழம் பூ வாங்கி வந்தேன். காலைச் சொட்டை விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொள், அழுத்தாதே என்றேன். சரியாக ஐந்து நிமிஷம் மூடியிருந்தாள், கடிகாரம் பார்க்காமலே.

பிறகு மேஜையிலிருந்து புத்தகத்தை எடுத்து, ஜன்னல் பக்கம் சாய்த்து, அடையாளம் வைத்திருந்த பக்கத்தைத் தள்ளிவிட்டுப் பின்னுக்குப் போனாள்.

“அந்தக் கோப்பை எந்தப் பக்கம்?”

சொன்னேன். விரலை வரிக்கடியில் வைத்து, மெதுவாக, அவளே உரக்க வாசிக்க ஆரம்பித்தாள்.