மறைந்திருப்போரைத் தேடுவது முறையா?

குடிசன மதிப்பீட்டுக்கு வருபவர் படலையில் நின்று, "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டால் நாம் தயங்காது சொல்லிவிடுகிறோம். ஊசி மூலம் போதைப்பொருள் ஏற்றும் ஒருவர், தம்மைப் பற்றிய உண்மையை அவ்வாறு சொல்வாரா? வெட்கமும் பொலிஸ் பயமும் அவரை மறைத்து வைக்கின்றன. ஆனால், ஒருவர் பாவித்த ஊசியை மற்றவரும் பாவிப்பதால் எச்.ஐ.வி. கிருமி அந்த மறைவிலேயே பரவுகிறது. தேடாவிட்டால் அவர்கள் கைவிடப்படுவர், தேடினாலோ காட்டிக்கொடுக்கப்படக்கூடும். இந்நிலையில் எது நீதி?

அமெரிக்கச் சமூகவியலாளர் டக்ளஸ் ஹெக்கத்தோர்ன் 1997இல் ஒரு வழியை எடுத்துரைத்தார். ஆய்வாளர் முதலில் இத்தகையோர் சிலரைச் சந்தித்து விபரம் கேட்பார். "உங்கள் நண்பர்கள் யார்?" என்று பெயர் கேட்கமாட்டார். இலக்கமிட்ட சீட்டுகள், பெரும்பாலும் மூன்று, கொடுத்து, "உங்களைப் போன்ற அறிமுகமானவர்களுக்குக் கொடுங்கள்" என்பார். சீட்டைப் பெற்றவர் விரும்பினால் வருவார். வராவிட்டால் அவர் யாரென்றே ஆய்வாளருக்குத் தெரியாது. வந்தவருக்கும் அவரை அனுப்பியவருக்கும் சிறு தொகை உண்டு. வந்தவரும் சீட்டுப் பெற்றுச் செல்வார். இவ்வாறு சங்கிலி நீளும்.

இதில் ஒரு கணக்கும் உண்டு. 20 பேரை அறிந்தவரிடம் சீட்டு வந்துசேர வழிகள் பல. இருவரை மட்டும் அறிந்தவரிடம் வந்துசேர வழிகள் மிகச் சில. ஆகவே பின்னவருடைய பதிலுக்குப் பத்து மடங்கு நிறை கொடுக்கப்படுகிறது. ஆரவாரமுள்ளவனின் குரலே எங்கும் எடுபடும் இவ்வுலகில், தனித்திருப்பவரின் சொல்லுக்குக் கூடிய மதிப்பளிக்கும் கணக்கு இது!

எனினும் குறையில்லாமல் இல்லை. கையில் காசில்லாதவனுக்குச் சிறு தொகையும் பெரிய நெருக்குதலே. சிக்காகோ நகரில் நடைபெற்ற இத்தகைய ஆய்வொன்றில் சீட்டுகள் விலைப்பட்டதை 2008இல் வெளியான கட்டுரையொன்று எடுத்துக்காட்டியது. நண்பனை அழைப்பது அன்பினாலா, பணத்துக்காகவா என்ற கேள்வி அப்போது எழுந்தது. இன்றும் அது தீரவில்லை.

ஆயினும் இம்முறையின் அடிப்படை நேரியது. மறைந்திருப்பவரின் கதவை வெளியிலிருந்து உடைக்க எவருக்கும் உரிமையில்லை. அவர் உள்ளிருந்து திறக்கும்படி, அவர் நம்பும் ஒருவர் மூலம் அழைக்கலாம். திறந்தவரை எண்ணிவிட்டு வெறுங்கையோடு அனுப்புவதோ அநீதி. அறிந்த தொகைக்கேற்ப மருந்தும் ஆதரவும் அவரைச் சென்றடைய வேண்டும்.

ஒருவரையும் அறியாதவரிடம் எந்தச் சீட்டும் போய்ச் சேராது. எந்தக் கணக்கும் அவரைக் காணாது. நமது குடும்பத்திலோ அயலிலோ அப்படி ஒருவர் இருப்பாராயின், அவர் அச்சமின்றி வாய்திறந்து பேசக்கூடிய ஒருவராக நாம் இருக்கிறோமா? இதனை நாம் ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.