கோபுரம் விழுந்தபோது யார் குற்றவாளி?



சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் மாண்டதை யேசு ஆண்டவர் நினைவூட்டிய விதத்தை லூக்காஸ் நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இறந்தவர்கள் மற்றவர்களிலும் பெரிய பாவிகளோ என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே மறுக்கிறார். பின்பு, கேட்டு நின்றவர்களைப் பார்த்து நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார். அழிவு நேர்ந்தவுடன் குற்றவாளியைத் தேடுகிறவர்களுக்கு இது பிடிக்காத பதில்தான்.

1977 மார்ச் 27ஆம் நாள், ஸ்பெயின் நாட்டுக்குரிய தெனரீபே தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதின. 583 பேர் மாண்டனர். ஒல்லாந்து விமானத்தின் தலைமை விமானி, அனுமதி கிடைக்குமுன்னே மேலெழும்புவதற்காக விமானத்தை ஓட்டினார். அதே பாதையில் அமெரிக்க விமானம் வந்துகொண்டிருந்தது. குற்றம் அவருடையது என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையை மடித்து வைக்கலாம். அவரும் அங்கேயே இறந்துவிட்டார்.

ஆனால் அவர் பொறுப்பற்ற மனிதரல்லர்; மற்ற விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்த மூத்தவர். அப்படிப்பட்டவர் ஏன் இதைச் செய்தார்? பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்கள் இச்சிறு நிலையத்துக்குத் திருப்பப்பட்டு நெருக்கியடித்து நின்றன. வேலை நேரச் சட்டம் அவரை அவசரப்படுத்தியது. மூடுபனியில் ஒரு விமானத்தவர் மற்றதைக் காணவில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரமும் அமெரிக்க விமானமும் ஒரே கணத்தில் பேசியதால், தடுத்திருக்கக்கூடிய வார்த்தைகள் வானொலியின் இரைச்சலில் அமிழ்ந்தன.

இன்னுமொன்று. அமெரிக்க விமானம் பாதையை விட்டு விலகவில்லையோ என்று ஒல்லாந்து விமானத்தின் பொறியியலாளர் கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அடித்துச் சொன்னார். பெரியவர் சொல்லிவிட்டார், பொறியியலாளர் மறுபடி கேட்கவில்லை. சில வினாடிகளில் எல்லாம் முடிந்தது.

தவறு தவறுதான். அதை மூடி மறைக்க நான் வரவில்லை. ஆனாலும் சாவான பாவத்துக்குக் கனமான காரியம் மட்டும் போதாது, முழு அறிவும் முழு மனச்சம்மதமும் வேண்டும் என்று ஞானோபதேசத்தில் படித்தோமல்லவா? திருச்சபை பாவியிடம் கேட்கும் அந்தக் கேள்விகளை நாம் அயலவனிடம் கேட்பதில்லை.

விமானத் துறையினர் இறந்தவரைத் திட்டுவதோடு நின்றுவிடவில்லை. மேலெழும்புதல் என்ற சொல்லை அதற்குரிய அனுமதி கொடுக்கும்போதன்றி வேறு வேளையில் கோபுரம் பாவிக்கக்கூடாது என்று ஒழுங்கு செய்தார்கள். இளையவர் துணிந்து சொல்லவும் மூத்தவர் காது கொடுக்கவும் பயிற்சி கொடுத்தார்கள். எத்தனை உயிர்கள் இதனால் காக்கப்பட்டன என்பதை ஆண்டவரே அறிவார்.

நமது வீடுகளில் எப்படி? தகப்பன் சொன்னபின் தாய் வாய் திறக்கலாமா? பிள்ளை திறக்கலாமா? பங்கு மனையையும் நான் இதிலிருந்து விலக்கவில்லை. பாத்திரம் உடைந்தாலும் பரீட்சை தவறினாலும், யார் செய்தது என்று கேட்கும் வேகத்தில் எப்படி நேர்ந்தது என்று கேட்கிறோமா?

இன்றிரவு செபமாலை முடிந்தபின் உங்கள் பிள்ளையை அருகில் அழைத்து, அப்பாவுக்குப் பிழையென்று சொல்லப் பயமா என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரச் சற்று நேரமாகும். பொறுத்திருங்கள்.