விரிசலும் பூச்சும்

ஒரு குறையை மறைப்பது எப்போது குற்றமாகிறது? இதற்கு விடை தேடப் பெரிய தத்துவ நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. குளியல் அறைத் தரையில் விழும் ஒரு விரிசலே போதும். அது நம்மை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டுவிடும்.

மதுரையிலிருந்து திண்டுக்கல் சாலையில் போனால் சமயநல்லூர். அங்கே, வயலாக இருந்த இடத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கி வீடு கட்டிக்கொண்டவர் என் நண்பர் ஒருவர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வீடு கட்டிச் சில ஆண்டுகளில் குளியல் அறைத் தரையில் மயிரிழை போல ஒரு கோடு கண்டது. கொத்தனார் வந்து சிமெண்டுப் பால் ஊற்றிப் பூசிவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு அதே இடத்தில் அதே கோடு. மறுபடியும் பூச்சு. மூன்றாம் முறை கோடு வந்தபோது கூடவே ஒரு புகாரும் வந்தது. அடுத்த வீட்டு அம்மாள் சுவரோரம் நின்று, “அண்ணே, எங்க அடுப்படிச் சுவரெல்லாம் ஓதம் ஏறிக் கெடக்கு. நீங்கதான் என்னன்னு பாக்கணும்” என்றாள்.

அதுவரை அந்த விரிசல் நண்பரின் சொந்த விஷயம். அவர் தரை, அவர் பணம், மறைத்தாலும் விட்டாலும் அவர் பாடு. அந்த அம்மாள் வாய் திறந்த கணத்திலிருந்து அது அப்படியில்லை. நம் வீட்டு விரிசல் அடுத்தவர் சுவரில் ஈரமாகத் தெரியத் தொடங்கும்போது மறைப்பு குற்றமாகிறது.

சரி, தரை ஏன் விரிகிறது? கொட்டிய மண்ணைத் திமிசு போட்டு இறுக்காமல் மேலே தளம் போட்டுவிடுகிறோம். மழையிலும் கசிவிலும் மண் அமுங்குகிறது. தளத்துக்கும் மண்ணுக்கும் இடையே வெற்றிடம் விழுகிறது. காற்றின்மேல் நிற்கும் தளம் ஒவ்வொரு மிதியிலும் சற்றே வளைந்து, ஒரு நாள் பிளக்கிறது. மேல்நாடுகளில் சக்கரம் பூட்டிய வீடுகளில் குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறார்கள். அவற்றின் குளியல் தட்டு மெல்லிய பிளாஸ்டிக்காலோ கண்ணாடி இழையாலோ ஆனது. அடியில் தாங்கல் இல்லாத இடத்தில் அதுவும் இப்படியே விரிகிறது. அதைத் தாமே செப்பனிடும் அனுபவசாலிகள் மேலே பிசின் தடவுவதோடு நிற்பதில்லை. அடியில் உள்ள வெற்றிடத்தை நிரப்பித் தாங்கல் கொடுக்கிறார்கள்.

மதுரைச் சீமைக்குத் தண்ணீர் தரும் பெரியாறு அணையையே பாருங்கள். சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த காரையால் கட்டி 1895-இல் திறக்கப்பட்டது அது. 1979-க்குப் பிறகு அதை வலுப்படுத்தியவர்கள் முகத்தை மட்டும் பூசிவிட்டுப் போகவில்லை. தலையில் கான்கிரீட் சுமை ஏற்றினார்கள்; எஃகு வடங்களை அணையின் ஊடே இறக்கிப் பாறையில் பிணைத்தார்கள்; முதுகுப்புறம் கான்கிரீட்டால் அண்டை கொடுத்தார்கள்.

நண்பர் கடப்பாரையைத் தாமே எடுத்தார். வீட்டில் ஒரே எதிர்ப்பு. “பென்ஷன் வாங்குகிற மனுஷர் குளியல் அறையைக் கொத்திக்கொண்டு உட்காரலாமா? பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?” நம் நடுத்தர வர்க்கத்தின் பழைய நோய் இது. 1901-இல் கல்கத்தாக் காங்கிரஸில் கழிவிடத்தைச் சுத்தம் செய்யக் காந்திஜி தாமே துடைப்பம் எடுத்தார். அதைப் பேசும்போது நமக்குக் கண் பனிக்கிறது. நம் வீட்டுக் குளியல் அறைக்கு மட்டும் வேறொருவர் கை வேண்டும்.

ஆனால் சொந்தக் கையால் செய்துவிட்டால் உத்தமராகிவிடலாம் என்று எண்ணுவதும் இன்னொரு வகைப் பூச்சுதான். பழைய கொத்தனார் செய்தி கேட்டு வந்தார். “ஏமாற்றிவிட்டாயே” என்று நண்பர் தொடங்கியதும் அவர் நிதானமாகச் சொன்னார்: “ஐயா, கொத்தி எடுத்தா மூணு நாள் வேலை, பூசினா அரை நாள் வேலைன்னு ரெண்டையும் சொன்னேன். அரை நாள் போதும்னது யாருங்க?”

நண்பரிடம் பதில் இல்லை. நம்மில் பலரிடமும் இருக்காது. மலிவான பொய்யை விலை பேசி வாங்கிவிட்டு, விற்றவனைத் திட்டுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது.

பிறகு இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கொத்துவதும் சுமப்பதும் நண்பர்; சொல்லிக் கொடுப்பது கொத்தனார். அதற்கு முழு நாள் கூலி. தளத்தைப் பெயர்த்து, இளகிய மண்ணை அள்ளி எறிந்து, கிராவல் மண்ணைப் படலம் படலமாக நனைத்து இடித்தார்கள். அதன்மேல் ஜல்லிக் கான்கிரீட்; பிறகு நீர்க்கசிவைத் தடுக்கும் மருந்து கலந்த பூச்சு. தண்ணீர் தேங்காமல் ஓடும்படி போக்கை நோக்கி வாட்டம் விட்டார்கள். ஏழு நாள் தண்ணீர் கட்டினார்கள். கடைசியில் போக்கை அடைத்து ஓர் இரவு தண்ணீர் நிறுத்தி, மட்டம் இறங்குகிறதா என்று அடையாளம் வைத்துப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அடுப்படிச் சுவரையும் நண்பர் தம் செலவிலேயே கொத்திப் பூசிக் கொடுத்தார். அதைச் செய்யாமல் விட்டிருந்தால், தரை செப்பமாயிருக்கும். மனிதர் செப்பமாயிருக்க மாட்டார்.

யார் கை என்பது இரண்டாம் கேள்வி. அடியில் கிடப்பதைப் பார்க்கத் துணிகிறோமா என்பதே முதல் கேள்வி. குடும்பச் சண்டையானாலும், பொது வாழ்வில் நேர்ந்த பிழையானாலும் இதே கதைதான். இரண்டு இனிய சொல்லால் மெழுகிவிட்டு எழுந்து போகிறோம். மறு மழையில் கோடு திரும்ப வந்து சிரிக்கிறது.

பூச்சு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பூச்சில்லாத தரையில் யாரால் குளிக்க முடியும்? கடைசியில் வரவேண்டியது முதலிலேயே வந்துவிடுகிறதே, தவறு அங்கேதான்.